சிரிப்பவரே குற்றவாளி

பூதத்திடம் கையும் களவுமாகப் பிடிபட்டு, பேத்தியின் கையால் கன்னம் உரிக்கப்பட்டு, அதன் பிறகும் டீக்கடைக்கு நடந்து வரும் ஒரே மனிதர் தாம்தான் என்று மிக்கேல் பர்னாந்து தூத்துக்குடி முழுக்கச் சொல்லித் திரிந்தார். முதலில் சொன்னபோது பூதம் கலங்கரை விளக்கத்தின் உயரம் இருந்தது. பிறகு மேகம் இடிக்காமலிருக்க அது குனிந்து நடக்க வேண்டியதாயிற்று.

டீக்கடையில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. முகத்துக்கு நேராக மறுத்தவள் அவர் மகள் ரோசலின்தான். அவள் வேலை பார்த்த, தகவல் தொடர்பு அறுந்துபோன கடலடி நிலையத்திலிருந்து அவளை மீட்டு வந்து சில நாட்களே ஆகியிருந்தன. கீழே என்ன நடந்தது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சதா சிரித்தபடி இருந்தாள், உறங்கவே இல்லை. மிக்கேலை அரித்த கவலை அதுதான்.

அவள் மறுத்ததிலும் நியாயம் உண்டு. வீட்டுக்கு வீடு இருக்கும் புதிர்ப்பெட்டி, குழந்தையின் பயத்தை அளந்து, அதற்குப் பூத வேடம் மாட்டி, கூடத்தில் ஒளியுருவாக உலவவிடும். குழந்தை தடயம் தேடிப் போய் முகமூடியை இழுத்தால், உள்ளே பக்கத்து வீட்டு நாயோ கணக்கு வாத்தியாரோ அசடு வழிய நிற்பார்கள். ஐந்து நிமிடப் படம். பயம் தீர்ந்தது.

“அது குழந்தைங்க படம்ப்பா. பெரியவங்களப் புடிக்காது,” என்றாள் ரோசலின். “நீங்களா அழுதுட்டு பூதத்து மேல பழியப் போடாதீங்க.”

ஆனால் அந்தப் படங்களுக்குக் கதைவிதி எழுதியே ஓய்வு பெற்றவர் மிக்கேல். யார் காரணமில்லாமல் சிரித்துப் பலகாரம் நீட்டுகிறாரோ அவரே வேடதாரி என்பது அவருடைய செல்ல விதி. குழந்தைகளுக்குச் சுலபமாகப் பிடிபடட்டுமே என்றுதான் எழுதினார்.

ரோசலினிடமிருந்து தகவல் நின்ற நாட்களில், பேத்தி ஸ்டெபி அம்மாவைக் கேட்கும்போதெல்லாம் மிக்கேல் சிரித்துக்கொண்டே மக்ரூன் நீட்டினார். அம்மாவுக்கு வேலை அதிகம் என்றார். ஒருநாள் பெட்டியிலிருந்து பாசி சொட்டச் சொட்ட ஒரு கடல்பூதம் எழுந்தது. உள்ளே யார் இருப்பார்களோ என்று நடுங்கி, ஸ்டெபி முகமூடியை இழுக்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இழுக்காமல் படம் முடியாது. காத்துக் காத்துப் பார்த்த பூதம், விதிப்படி வேறு குற்றவாளியைத் தேடித் திரும்பியது. கூடத்தில் மக்ரூன் தட்டோடு சிரித்துக்கொண்டு நின்றவர் ஒருவர்தான். பூதம் அவர் தோளில் கை வைத்தது.

ஸ்டெபி வந்து அவர் கன்னத்தை இழுத்தாள். சிரிப்பு கழன்று விழுந்தது. மிக்கேல் தேம்பி அழுதார்.

“ஒங்களுக்கும் பயமா தாத்தா?”

“ரொம்பப் பயம்ட்டி.”

அவள் மடியில் ஏறி, தட்டிலிருந்த மக்ரூனை அவருக்கே ஊட்டினாள். அன்றுதான் இருவரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

இதை மிக்கேல் மறுபடியும் விவரித்து முடித்த மாலையில், ஸ்டெபி புதிர்ப்பெட்டியை ஓடவிட்டு ரோசலினிடம் கேட்டாள்:

“கீழ என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணுமில்லடா. மீன் பாத்துட்டு ஜாலியா இருந்தோம்,” என்று சிரித்து, ரோசலின் அவளிடம் முறுக்கை நீட்டினாள்.

பூதம் எழுந்தது. உண்மையில் அது கதவு உயரம்கூட இல்லை. அதை மட்டும் மிக்கேல் கவனிக்காததுபோல் இருந்துவிட்டார். அது அவரைத் தாண்டிப் போய் ரோசலினின் தோளில் கை வைத்தது. ஸ்டெபி எட்டி அம்மாவின் கன்னத்தைப் பிடித்தாள். அதிகம் இழுக்க வேண்டியிருக்கவில்லை.

விளக்குகள் அணைந்ததையும், காற்று குறைந்துகொண்டே வந்ததையும், இருட்டில் ஸ்டெபியின் பெயரையே சொல்லிக்கொண்டு கிடந்ததையும் ரோசலின் உடைந்து உடைந்து சொன்னாள். குழந்தை முழுவதையும் கேட்டுக்கொண்டு அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. தடவத் தடவ ரோசலினின் கண்கள் சொருகின.

தூக்கத்தில் சரிவதற்கு முன் அப்பாவின் பக்கம் தலையைத் திருப்பினாள்.

“நீங்க சொன்னது நடந்துதான் இருக்குப்பா,” என்றாள்.