நல்லா வந்திருக்கா

படத்தில் எல்லோரும் கொஞ்சம் மங்கலாக இருக்க, நடுவில் நகக்கண் அளவு ஓர் இடம் மட்டும் தெளிவாக இருந்தது.

அடைக்கலராஜ் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். புத்தூர் வீட்டுக் கூடத்தில், சுவரை அடைத்துக்கொண்டு, கண்ணாடிச் சட்டத்தோடு அந்தப் படம் மதியம்தான் மாட்டப்பட்டிருந்தது. மகன் ஜோஸின் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படம். ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் கேத்தரினுக்கும் நாற்பதாவது மணநாள். பங்குச் சாமியாரும் சொந்தபந்தமும் வந்து நிற்கும்போது, அவர்கள் கண்ணில் பட வேண்டியது இந்தக் குடும்பத்தின் மரியாதை. அதில் மகள் பிரான்சி இருக்கக் கூடாது.

ஜீயபுரத்து வாழைத்தோட்டக்காரர் மகன் அரவிந்தனோடு அவள் ஓடிப்போன அந்த வாரமே, ஆல்பத்தையும் சிடியையும் கொல்லையில் போட்டுக் கொளுத்தியவர் அவர். மிஞ்சியது கேத்தரின் தன் செல்போனில் ஒளித்து வைத்திருந்த வாட்ஸ்அப் படம் ஒன்றுதான். மன்னார்புரத்தில் பிரிண்ட் போடும் ரஃபீக் அதைப் பார்த்துத் தயங்கினான். படம் ரொம்பச் சின்னது, இவ்வளவு பெரிதாக இழுத்தால் கட்டம் கட்டமாக உடையும் என்றான்.

"பத்தடி தள்ளி நின்னு பாருங்க சார், ஒண்ணும் தெரியாது. கிட்ட மட்டும் போயிடாதீங்க."

நடுவில் நிற்கும் பெண்ணை எடுத்துவிட்டு, பின்சுவரின் நிறத்தை நிரப்பச் சொன்னார். யாரென்று கேட்டான்.

"யாருமில்ல."

படத்தை மாட்டிவிட்டுக் கிளம்பும்போது ரஃபீக் வாசலில் நின்று கேட்டான். "நல்லா வந்திருக்கா சார்?" அவர் தலையை அசைத்தார்.

இப்போது கேத்தரின் மாலைப் பூசைக்குப் போயிருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கார் நிறுத்தும் தகரக் கொட்டகையில் அது அறைகிற சத்தத்தினூடே, ஈர மண்ணும் புது மையின் காரமும் கலந்த வாசனை கூடமெல்லாம் நிறைந்து, டியூப்லைட் சிமிட்டும்போதெல்லாம் பீரோவின் நிழல் படத்தின் விளிம்புவரை வந்து வந்து திரும்பியது. இப்படியொரு மழையில்தான் பிரான்சி நிறைமாத வயிற்றோடு, ரத்தப்போக்கோடு வந்து கதவைத் தட்டினாள். அரவிந்தன் லாரியோடு வெளியூர் போயிருந்த நாள். மோதிர விரலால், மூன்று மூன்றாகத் தட்டினாள். அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கதவுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கேத்தரின் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். விடிவதற்குள் தட்டல் நின்றுவிட்டது. மானத்தைக் காத்த ராத்திரி என்றே அவர் அதை நினைத்திருந்தார்.

ஓரடி முன்னால் வைத்தார். ஜோஸின் முகம் கட்டங்களாக உடைந்தது. இன்னும் ஓரடி. கேத்தரினின் பட்டுப்புடவை வெறும் நிறப்பொடியானது. மற்றவர்கள் உடைய உடைய, நடுவில் அந்தத் தெளிவான இடம் வளர்ந்தது.

அது ஒரு கண்.

இமை முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. எந்த மெஷினும் போட முடியாத தெளிவு. அதில் ஈரம் இருந்தது.

பின்வாங்கினார். கண் சிறுக்கவில்லை. இன்னும் பின்வாங்கினார். மூக்கு வந்தது. உதடு வந்தது. நெற்றியில் ஒட்டிய ஈர முடி. ஜோஸின் கல்யாணத்தன்று மழையே இல்லை. இது அந்த ராத்திரியின் முகம்.

முதுகில் எதிர்ச்சுவர் இடித்தது. பத்தடி. அங்கிருந்து எல்லோரும் நன்றாகத் தெரிந்தார்கள். அவரைத் தவிர. படத்தில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காணோம். அங்கே சுவர் நிறம். சுத்தமாக நிரப்பியிருந்தது.

கையைப் பார்த்தார். விரல்கள் கட்டம் கட்டமாக இருந்தன.

கண்ணை இறுக மூடினார். திறந்தார். முகத்துக்கு நேரே படத்தின் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் கூடம்.

கதவில் சாவி திரும்பியது. கேத்தரின் குடையை மடக்கி வைத்துவிட்டு வந்தாள். படத்துக்கு முன்னால் நின்றாள். வெகுநேரம் நின்றாள். முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நல்லா வந்திருக்கா," என்றாள். அவள் யாரையும் கேட்கவில்லை.

அவர் கத்தினார். சத்தம் வரவில்லை. விரல் மட்டும் மிஞ்சியிருந்தது. கண்ணாடியைத் தட்டினார். மூன்று. மூன்று.

கேத்தரின் வாசல் பக்கம் திரும்பினாள். "யாரு?"

அவர் தோளை உரசிக்கொண்டு, மழையில் நனைந்த குரல் ஒன்று பதில் சொன்னது.

"யாருமில்லம்மா."

அவர் தட்டிக்கொண்டே இருந்தார். கேத்தரின் நாற்காலியைக் கதவுக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.