சுத்தமான பக்கம்

லினெட் துணிப்பையைக் காயின் மேல் மாட்டிச் சுருக்குவதற்குள் பக்கத்துக் காய் 'டக்'கென்று வாய் பிளந்தது. இரண்டு விதைகள் அவள் மணிக்கட்டில் பட்டுச் சேற்றில் விழுந்தன. குனிந்து பொறுக்கினாள். முழங்கால் வலித்தது. நிமிர்வதற்குள் இன்னொரு 'டக்'.

பாங்க்சியா மரத்துக் காய் நெருப்பைக் கண்டால்தான் திறக்கும். இதுவோ ஜூலைக் குளிர். காலையிலிருந்து நசநசவென்று தூறல், மணி மூன்றுகூட ஆகவில்லை, எங்கும் ஒரு பொட்டுப் புகை இல்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவின் சொந்த மரங்களைக் காப்பதற்கென்றே இருந்த பொதுத் தோட்டம் அது. இந்த வகையில் உலகத்திலேயே மிஞ்சியவை இருபத்து மூன்று மரங்கள். காட்டில் நின்றதையெல்லாம் வேரழுகல் தின்றுவிட்டது. கம்பி வேலிக்குள் இருந்த இந்தத் துண்டு நிலத்தை மட்டும் நோய் தொடவில்லை. 'சுத்தமான பக்கம்' என்பார்கள். காலில் ஒட்டிய ஒரு சிட்டிகை மண் போதும், மொத்தமும் போய்விடும். அதனால், வெளியே இருக்கும் தொட்டியில் பூட்ஸைத் தேய்த்துக் கழுவி, அடிப்பாகத்தைத் தூக்கிக் காட்டாமல் யாரும் கதவைத் தாண்டக்கூடாது, மந்திரியே வந்தாலும். அந்த விதியை எழுதியவளே லினெட்தான். பதினோரு வருஷமாகக் காத்த விதை, இன்று சேற்றில் உதிர்ந்துகொண்டிருந்தது.

வாக்கி-டாக்கியில் மேலாளர் ராஸைக் கூப்பிட்டாள்.

"மழையில பாங்க்சியா வெடிக்குதா? லின், மத்தியானம் டீதானே குடிச்ச?"

"கிண்டலை அப்புறம் வச்சுக்கோ. பை தீரப்போகுது, எடுத்துட்டு வா."

பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்றான். பிறகு, தொட்டிக் குழாயை ஏன் திறந்தே விட்டிருக்கிறாய், ஆபீஸில் தண்ணீர் நூலாக வருகிறது என்று அலுத்துக்கொண்டான்.

அவள் திறக்கவில்லை. தோட்டத்தில் இன்று வேறு ஆளும் இல்லை.

களைப்பில் அதைக்கூட யோசிக்கத் தோன்றாமல் அடுத்த காய்க்குக் கை நீட்டினாள். சுட்டது. விரலை உதறிக்கொண்டு பார்த்தபோதுதான் கவனித்தாள், எல்லா மரத்திலும் கதவைப் பார்த்த பக்கத்துக் காய்கள் மட்டுமே திறந்திருந்தன, அந்தப் பக்கத்துப் பட்டையிலிருந்து மட்டும் மெல்ல ஆவி எழுந்தது, ஈர மண்வாசனைக்கு அடியில் மயிர் பொசுங்கிய நாற்றம் ஒன்று தொண்டையில் வந்து ஒட்டியது.

முதுகுக்குப் பின்னால் தூறலோடு தூறலாக ஒரு சத்தம்.

சரக். சரக். சரக்.

கெட்டி பிரஷ்ஷைப் பிடித்துத் தேய்க்கும் சத்தம். தோட்டத்தில் அவளோடு வேலை பார்த்த டெஸ் அப்படித்தான் தேய்ப்பான், மூன்று இழுப்புக்கு ஒரு நிறுத்தம். டெஸ் செத்து மூன்று வருஷமாகிறது. கோடைத் தீ தெற்குச் சரிவில் திரும்பியபோது அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் கரிக்கட்டையாகக் கிடைத்தான். தீ அண்டாத வேலியின் கதவு நாற்பதடியில் இருக்க, மடையன் அங்கே எதற்கு நின்றான் என்று ஊரே கேட்டது. விசாரணையில் லினெட், அன்று அவனைப் பார்க்கவே இல்லை என்றாள்.

சரக். சரக்.

நின்றது.

முதுகில் வெக்கை. வாக்கி-டாக்கியில் வெறும் இரைச்சல். டக். டக். டக். எல்லா மரமும். காலைச் சுற்றி விதைகள். பை கையிலிருந்து நழுவியது.

திரும்பினாள்.

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன். கருப்பாக. அவன் மேல் விழுந்த தூறல் சீறியது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தூக்கி அடிப்பாகத்தைக் காட்டினான்.

பூட்ஸ் இல்லை. தோல் இல்லை. மண் இல்லை. மூன்று வருஷம் தேய்த்து வெளுத்த எலும்பு.

அன்றைக்கும் இந்தக் கதவில்தான் நின்றான். மூச்சிரைக்க, சாம்பல் படிந்த முகத்தோடு, திற லின் என்று கம்பியை உலுக்கினான். தீ ரொம்பத் தூரத்தில்தான் இருக்கிறது என்று நினைத்தாள். அவன் காலில் நோய் பிடித்த தெற்குச் சரிவு மண் இருந்தது. தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டே சொன்னாள்:

"முதல்ல காலைக் கழுவிட்டு வா, டெஸ்."

கதவின் கம்பி சிவக்கத் தொடங்கியது.

"இப்ப சரியா, லின்?"