மைத்துனன் பிடித்த கயிறு

"நங்கூரத்தைப் போடுறா!" என்று படகை நடத்தும் தண்டல் சிலுவை கத்தியதும் கஸ்பார் அதைத் தூக்கிக் கடலில் எறிந்தான். வாடைக்காற்று வடகடலைப் புரட்டி எடுக்கும் மூன்று மாதமும் இனி இந்தப் படகுதான் வீடு. சமையல், தூக்கம், சண்டை எல்லாம் இதிலேயே! நாணல் தீவின் தெற்கே தண்ணீர் வெதுவெதுப்பாக, அலையில்லாமல் கிடந்தது. அதற்கடியில் எங்கோ, ஊர்க் கோயிலுக்கு வந்த வழியில் தோணியோடு மூழ்கிய வெண்கல மணி இருந்தது. நாற்பது வருடமாக யாருக்கும் அகப்படாத மணி!

மூழ்கித் தேடுவது கஸ்பாரின் அக்காள் புருஷன் லெயோன். அவன் இடுப்புக் கயிற்றைப் பிடிப்பது கஸ்பார்.

"நானும் இறங்குறேன் தண்டல்!"

"உனக்குக் கயிறு பிடிக்க யாருடா இருக்கா? பொண்டாட்டி கூடப் பொறந்தவன்தான் பிடிக்கணும். அவன்தான் அக்கா தாலிக்குப் பயந்து கண்ணு அசராம நிப்பான். நீ மொதல்ல கல்யாணத்த முடி!"

லெயோன் சிரித்தான். கஸ்பாருக்கு வயிறு பற்றி எரிந்தது. மச்சானைவிட அதிக நேரம் மூச்சடக்குவானே அவன்! ஆனாலும் குழம்பில் மீன் தலை தினமும் லெயோனுக்கு, வால் இவனுக்கு. என்ன நியாயம் இது?

ஐந்தாவது வாரம் ஒரு காலை, லெயோன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தான். "மணி! பாறைக்கு அடியில கெடக்கு! இன்னொரு கயிறு குடுங்க, கட்டிட்டு வர்றேன்!"

சிலுவை கைதட்டிக் கூத்தாடினார். "லெயோன் பேரு ஊருல நெலச்சிருச்சுடா!"

லெயோன் மறுபடியும் மூழ்கினான். கஸ்பாரின் கையில் இடுப்புக் கயிறு இரண்டு முறை வெட்டி இழுபட்டது. வெட்டினால் உடனே தூக்க வேண்டும். அவன் தூக்கவில்லை. 'கொஞ்சம் தவிக்கட்டும். அரைகுறையாகக் கட்டிவிட்டுத் தானே நீந்தி வரட்டும், பேர் கெடட்டும்.' ஒன்று... இரண்டு... மூன்று...

கயிறு அசைவற்று நின்றது.

ஐயோ! கஸ்பார் வெறியோடு இழுத்தான். கயிறு வரவில்லை.

"தண்டல், மச்சான் மாட்டிக்கிட்டாரு!"

"கயிறு கட்டாம குதிக்காதடா!"

அவன் குதித்துவிட்டான். கீழே மணி சரிந்து லெயோனின் காலை அமுக்கியிருந்தது. கஸ்பார் பாறையில் முதுகை முட்டுக்கொடுத்து மணியை உதைத்தான். ஒரு முறை, இரண்டு முறை... காது வலித்தது, கண் இருட்டியது. மூன்றாவது உதையில் கால் விடுபட்டது!

மேலே வந்த லெயோன் தண்ணீரைக் கக்கிவிட்டு மைத்துனனைக் கட்டிக்கொண்டான். "உன்னாலதான் பொழச்சேன் மாப்ள!" கஸ்பார் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த நன்றியை அவனால் தாங்க முடியவில்லை.

காலி டிரம்களைக் கட்டி மணியை மிதக்க வைக்க நான்கு நாள் பிடித்தது. வாடை ஓய்ந்ததும் படகு ஊர் திரும்பியது. கரையெங்கும் வெடிச் சத்தம்! கரையில் கம்பம் நட்டுத் தொங்கவிட்ட மணியின் முதல் அடியைக் கஸ்பார்தான் அடிக்க வேண்டும் என்று லெயோன் அடம்பிடித்தான்.

கஸ்பார் கூட்டத்தை விலக்கி அக்காள் அமலியிடம் போனான். "அக்கா, மச்சான் கயித்த வெட்டி இழுத்தப்ப நான் ஒடனே இழுக்கல. பொறாமையில நின்னுட்டேன்."

பளாரென்று ஒரு அறை! வெடிகூட நின்றுவிட்டது. லெயோன் மனைவியின் முகத்தைப் பார்த்தான், மைத்துனனைப் பார்த்தான்.

அமலி கண்ணைத் துடைத்துக்கொண்டு மணிக்கயிற்றைத் தம்பியின் கையில் திணித்தாள்.

"இத இழு. இனிமே எந்தக் கயிறுன்னாலும் ஒடனே இழு."

கஸ்பார் இழுத்தான்.