கையை விட்டால் நிற்குமா?

போன வருஷம் வாடகைக்கு எடுத்த கை டிராக்டர், ஜெயப்பிரியாவின் அப்பா சின்னராசுவின் காலைக் கிழித்துவிட்டது. சேற்றில் வழுக்கி விழுந்தபோது அவர் பிடியை விட்டுவிட்டார். ஆனால் வண்டி நிற்கவில்லை. அன்றிலிருந்து கம்பு ஊன்றித்தான் நடக்கிறார்.

இனிமேல் மாகறலில் இருக்கும் கத்தரித் தோட்டத்தை உழப்போவது அம்மா கனகா. புதிதாக ஒரு கை டிராக்டர் வாங்க மூவரும் உத்திரமேரூர் கடைக்கு வந்திருந்தார்கள். பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து ஓட்டும் சின்ன வண்டி அது.

"இதான் வெலை கம்மி," என்றார் கடைக்காரர் வினோத்குமார். "அந்தச் செவப்பு வண்டிதான் ஒசத்தி. லைட்டு கீது. பட்டன அமுக்குனா ஸ்டார்ட் ஆயிடும்."

"கம்மியானதே போதும்ணா," என்றார் அம்மா.

அப்பா கடைக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"அண்ணே, கைய வுட்டா நின்னுடுமா?" என்று கேட்டாள் ஜெயப்பிரியா.

கடைக்காரர் சிரித்தார். "இன்னா பாப்பா, கைய ஏன் வுடணும்?"

"எங்கப்பா வியுந்துட்டாரு. அப்ப வுட்டுட்டாரு."

கடைக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது. வாசலைப் பார்த்தார். பிறகு வண்டிகளை ஒவ்வொன்றாக வெளியே மண்தரைக்குத் தள்ளிவந்தார்.

விலை குறைந்த வண்டியை ஓடவிட்டுக் கையை எடுத்தார். அடியில் மண்ணைக் கிளறும் கத்திகள் சுற்றிக்கொண்டே இருந்தன. சிவப்பு வண்டியும் அப்படித்தான். விளக்கு மட்டும் பளிச்சென்று எரிந்தது.

"அது இன்னாண்ணே, மூலையில?" என்று கடைக்குள் கை காட்டினாள் ஜெயப்பிரியா.

தூசி படிந்த பச்சை வண்டி. விலை இரண்டுக்கும் நடுவில். "லைட்டு இல்ல, கயிறு இழுத்துத்தான் ஸ்டார்ட் பண்ணணும். அதான் யாரும் வாங்கறதில்ல," என்றார் கடைக்காரர்.

அவர் அதையும் வெளியே தள்ளிவந்து, கயிற்றை இழுத்து ஓடவிட்டார். கையை எடுத்ததும் அது டக்கென்று நின்றது.

"அம்மா, நீ வுட்டுப் பாரு."

அம்மாவும் விட்டுப் பார்த்தார். நின்றது. "நல்லாத்தான் கீது. ஆனா வெலை கொஞ்சம் ஏறுதே," என்று தயங்கினார்.

வாசலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அதையே எடு, கனகா."

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அம்மா உழத் தொடங்கினார். அப்பா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பத்தில் அம்மாவின் கால் வழுக்கியது.

ஜெயப்பிரியா அலறினாள். அப்பா கம்பைப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டே ஓடினார்.

தோட்டத்தில் சத்தமே இல்லை. அம்மா சேற்றில் உட்கார்ந்திருந்தார். பாதத்துக்குப் பக்கத்திலேயே வண்டி அசையாமல் நின்றது.

"நின்னுடுச்சுய்யா," என்றார் அம்மா.

அப்பா அவரைக் கைகொடுத்துத் தூக்கினார். கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்தார். பிறகு குனிந்து, தானே கயிற்றை இழுத்தார். வண்டி உறுமியது.

"புடிச்சுக்கோ கனகா, பாதித் தோட்டம் பாக்கி கீது."