வால்குறிக்கு முன் ஓர் இடைவெளி

1997 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை. காலையில் நல்ல வெயில். நண்பகல் கடந்ததும் பிரிக்பீல்ட்ஸ் வானம் கறுத்து, இரண்டரை மணிக்கெல்லாம் மழை கொட்டத் தொடங்கியது.

கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இயங்கிய தனியார் கல்லூரிக் கணினிக் கூடத்தில் சந்திரகலா தனியே அமர்ந்திருந்தாள். கூடத்தின் பொறுப்பு அவளுடையது. மாணவர் இருபத்து மூவர் ஓராண்டு உழைத்து எழுதிய நிரல்கள் அந்த லினக்ஸ் கணினியில் இருந்தன. அவற்றை மதிப்பிட ஐந்து மணிக்குத் தேர்வாளர் வருகிறார். அதற்குள் பழைய நகல்களை நீக்கிவிட எண்ணினாள். அந்நகல்களின் பெயர் முடிவில் வால்போன்ற குறியொன்று இருக்கும். அழிக்கும் கட்டளையில், 'எதுவாயினும்' எனப் பொருள்படும் நட்சத்திரக் குறியையும் அவ்வாலையும் ஒட்டி அடித்தல் வேண்டும். அவள் விரலோ, இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளியைத் தட்டிவிட்டது...

நட்சத்திரம் தனித்து நின்றது. கணினி அனைத்தையும் அழித்தது.

அதில் அழித்ததைப் போட்டுவைக்கும் குப்பைத் தொட்டி கிடையாது. போனது போனதுதான்.

"அய்யோ!"

வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்ற இளைஞன் ஒருவன் சொட்டச் சொட்ட உள்ளே வந்து திரையைப் பார்த்தான்.

"இடம் விட்டு அடிச்சிட்டீங்க."

"ஈரக் காலோட யார் உள்ள வரச் சொன்னா? வெளிய போங்க அண்ணே!"

அவள் விரல்கள் மீண்டும் விசைப்பலகையை நாடின.

"தொடாதீங்க! இனிமே ஒரு எழுத்து எழுதினாலும் அழிஞ்சது மேல போய் உக்காந்துக்கும். அப்புறம் சாமியே வந்தாலும் எடுக்க முடியாது."

முன்பின் அறியாதவன் அதட்டுவதா? எழமாட்டேன் என்று அவள் தன்மானம் அடம்பிடித்தது. ஆனால் மாணவி ராஜேஸ்வரி பூச்சோங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து படித்தவள். அவள் முகத்தில் எப்படி விழிப்பது? சந்திரகலா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"என் பேரு கண்ணப்பன். சுங்கை வே ஃபேக்டரியில கம்ப்யூட்டர் வேலைதான். நீங்க மாணவர் பட்டியல்ல பேருங்களை டிக் பண்ணுங்க... கோபத்தை அப்புறம் காட்டலாம்லா."

கோப்புகளின் பெயர்கள் மறைந்திருந்தன. உள்ளடக்கம் மட்டும் வட்டில் அநாதையாய்க் கிடந்தது. அவன் ஒவ்வொன்றாய்த் தேடியெடுத்து ஃபிளாப்பியில் சேர்த்தான். முதல் வரியிலுள்ள மாணவர் பெயரை அவள் வாசித்தாள். வாசு... ஜெயராஜ்... இருபத்திரண்டு வந்தன.

ராஜேஸ்வரி மட்டும் வரவில்லை.

மணி நான்கைக் கடந்தது. அவள் பட்டியலை மீண்டும் பார்த்தாள். "இல்லியா...?"

"தலைப்பே இல்லாம ஒண்ணு இருக்கு. இருங்க."

கடைசி வரிவரை இறங்கினான். அடியில் சிறிதாக ராஜேஸ்வரியின் பெயர்!

"அண்ணே! கிடைச்சிருச்சு!"

"அண்ணேன்னு மட்டும் கூப்பிடாதீங்க..."

"ஏன்?"

அவன் விழிகள் அவளை ஒரு கணம் நோக்கி, நாணித் திரும்பின. மீட்டவற்றைக் கணினியில் மீண்டும் இட்டுவிட்டு, அவன் வேறேதோ எழுதத் தொடங்கினான்.

"இனிமே அழின்னு சொன்னா மிஷின் அழிக்காது. தொட்டின்னு ஒரு இடத்துக்குத் தள்ளி வெக்கும். வேணும்னா திருப்பி எடுத்துக்கலாம்."

"தொட்டி நிறைஞ்சா?"

"வாராவாரம் நானே வந்து காலி பண்ணணும். வேற வழியே இல்ல."

அவள் உதட்டோரம் குறும்பு அரும்பியது. "நாள் குறிச்சு ஒரு வரி எழுதி வெச்சா, மிஷினே காலி பண்ணிடுமே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

அவன் காதுமடல்கள் சிவந்தன.

"அந்த வரியை எழுதினேன்... அப்புறம் அழிச்சிட்டேன்."

"ஏன்?"

"அது இருந்தா, உங்களைப் பாக்க வர்றதுக்கு எனக்குக் காரணமே இருக்காதே..."

நிரல்கள் அனைத்தும் பத்திரமாய் இருந்தன. எனினும், இஃது என்ன புது அச்சம்! இவன் இப்போது எழுந்து போய்விட்டால்...?

"அந்த வரி எழுதவேணாம்," என்றாள் தரையைப் பார்த்தவாறே. "வெள்ளிக்கிழமை வாங்க. நான் இருப்பேன்."

அப்போது மணி, மாலை நான்கு ஐம்பத்திரண்டு.