முழுங்கிப் பெட்டியும் ஒரு முட்டையும்

“எங்க தாத்தா கிரேன்ல ஒரு முட்டையத் தூக்கியிருக்கார், தெரியுமா? கப்பல்ல இருந்து எடுத்து, கரையில நின்ன சமையல்காரரோட தொப்பிக்குள்ள இறக்கினார். உடையவே இல்ல!”

வாலு இதைச் சொன்னதும் அண்ணன் சிரித்த சிரிப்பில் மேசை மேலிருந்த டம்ளர் நடுங்கியது.

“பச்சை முட்டையா?”

“பச்சை முட்டைதான்!”

“கோழியும் கூடவே வந்துச்சா, வழி காட்ட?”

அண்ணன் எதையும் லேசில் நம்ப மாட்டான். மழை பெய்தால்கூடக் கையை நீட்டி நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வான்.

“தாத்தா, நீங்களே சொல்லுங்க!” என்றாள் வாலு.

தாத்தா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கிரேன் உச்சியில், மேகத்துக்குப் பக்கத்து வீடு போல ஒரு கண்ணாடி அறை. அதில் உட்கார்ந்து, லாரி அளவுப் பெட்டிகளைக் கப்பலிலிருந்து இறக்கியவர். முன்பெல்லாம் அந்த முட்டைக் கதையைத் தினமும் சொல்வார். ஒவ்வொரு முறையும் கப்பல் கொஞ்சம் பெரிதாகும். அவர் ஓய்வு பெற்றதும் கதையும் ஓய்வு பெற்றுவிட்டது.

“அதெல்லாம் பழசு, விடு. எனக்கு இனிமே என்ன வேலை இருக்கு?”

வாலுவுக்குச் சுருக்கென்றது. தாத்தா சிரித்து எவ்வளவு நாளாயிற்று! அந்த நாற்காலி மெத்தையில் விழுந்திருந்த பள்ளத்தில் ஒரு பூனை குடும்பத்தோடு குடியிருக்கலாம்.

அன்று மாலை அப்பாவும் அம்மாவும் பீரோவைத் தூக்கி இடம் மாற்றினார்கள். தற்செயலாகத் திரும்பிய வாலு திகைத்துப்போனாள். தாத்தாவின் கைகள் மடியில் தாமாக அசைந்துகொண்டிருந்தன. வலது கை மெல்ல முன்னே, இடது கை பின்னே. உதடுகள் முணுமுணுத்தன.

“இறக்கு... இறக்கு... ஆட்டம் நிக்கட்டும்...”

அப்பா ஆட்டம் நிற்கும்வரை பொறுக்கவில்லை. பீரோ அவர் கட்டைவிரல் மேல் இறங்கியது. அவர் போட்ட கூச்சலில் தெரு முழுவதும் ஜன்னல்கள் திறந்தன.

வாலு கூச்சலைக் கவனிக்கவில்லை. அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அண்ணனையும் தாத்தாவையும் கடைத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். தாத்தா வழியெல்லாம் முட்டிவலியைப் பற்றிப் புலம்பினார்.

பெரிய கடை ஒன்றின் வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி நின்றது. உள்ளே பொம்மைகளின் குவியல். மேலே மூன்று விரல்கள் கொண்ட கொக்கி. டோக்கன் போட்டு, குச்சியை ஆட்டி, பொத்தானை அமுக்கினால் கொக்கி இறங்கும். பொம்மையைத் தொடும், தடவிக்கொடுக்கும், வெறுங்கையோடு மேலே போய்விடும். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் முழுங்கி.

அண்ணன் ஒரு டோக்கன் போட்டான். முழுங்கி முழுங்கியது.

“சுத்த ஏமாத்து! இது யாராலயும் முடியாது.”

தாத்தா கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தார். “டேய், கொக்கி ஆடிட்டிருக்கு. ஆடுறப்ப இறக்கினா எப்படிடா சிக்கும்?”

வாலு டோக்கனை நீட்டினாள். “நீங்க ஒரு தடவை, தாத்தா.”

“சின்னப் பிள்ளைங்க ஆட்டம். நானா?”

“நீங்கதான்!”

தாத்தா குச்சியைப் பிடித்தார். கொக்கி ஒரு கரடியைத் தூக்கியது. பாதி வழியில் கரடி விழுந்தது. வாலுவின் நெஞ்சும் கூடவே விழுந்தது. இனிமேல் தாத்தா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டாரோ?

தாத்தா சட்டைக் கையை மடித்தார்.

“தலையப் பிடிச்சது தப்பு. கனமெல்லாம் வயித்துல இருக்கு. இன்னொண்ணு கொடு!”

கரடி வந்தது.

வாலு திறந்த வாயை மூட மறந்தாள். ஒரு ஈ உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது.

“ஏதோ தப்பித்தவறி வந்திருக்கு,” என்றான் அண்ணன்.

அடுத்து வாத்து வந்தது. பிறகு சிங்கம். கூட்டம் கூடியது. காய்கறிப் பையோடு வந்த ஓர் அம்மா பையை நழுவவிட்டார். தக்காளிகள் உருண்டோடின, எடுக்க ஒருவரும் குனியவில்லை. வாயில் விரல் போட்டிருந்த ஒரு குட்டிப் பெண் வாத்தையே பார்த்தாள். தாத்தா அதை அவள் கையில் கொடுத்தார். அவ்வளவுதான், பிள்ளைகள் கையில் டோக்கனோடு வரிசையில் நின்றுவிட்டார்கள்!

“பெரியவரே, நிறுத்துங்க!”

டோக்கன் விற்பவர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். எல்லோரும் உறைந்துபோனார்கள். வாலு தாத்தாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த மஞ்சள் யானைய மட்டும் யாருக்கும் கொடுத்துடாதீங்க,” என்றார் அவர் மூச்சு வாங்க. “என் பொண்ணு ரொம்ப நாளா கேக்குறா. பெட்டிச் சாவி முதலாளிகிட்ட இருக்கு. நானே டோக்கன் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். முழுங்கிடுச்சு ஐயா!”

யானை அடியில் கிடந்தது. ஒரு காதுதான் வெளியே தெரிந்தது. தாத்தா மேலே கிடந்த பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசைக்குக் கொடுத்தார். கடைசியில் யானையின் வயிறு தெரிந்தது.

“ஆட்டம் நிக்கட்டும்...” என்று தாத்தாவோடு சேர்ந்து கூட்டமே முணுமுணுத்தது.

தொப்! யானை வெளியே வந்து விழுந்தது.

அப்போது கேட்டது ஒரு சத்தம். அண்ணன் இடி என்று நினைத்து வானத்தைப் பார்த்தான். இடி இல்லை. தாத்தா சிரித்துக்கொண்டிருந்தார்!

கிளம்பும்போது ஒரு பையன் ஓடிவந்தான். “தாத்தா, புது பொம்மை போட்டதும் வருவீங்களா? எனக்கு முயல் வேணும்.”

“வராம இருப்பேனா? எனக்கு இங்க எவ்வளவு வேலை கிடக்கு!”

வீடு திரும்பும் வழியில் முட்டிவலி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தாத்தாவே ஆரம்பித்தார். “அந்தக் கப்பல் இருக்கே, அது நம்ம ஊர் அளவு...”

வாலு அண்ணனை இடித்தாள். “என்ன அண்ணா, கோழி வழி காட்டுச்சா?”

அண்ணன் கரடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

“கப்பல் அவ்வளவு பெரிசு இல்ல,” என்றான். “ஆனா முட்டை பச்சை முட்டைதான். உடையல. நடந்திருக்கு.”