இன்னொரு கை

காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒற்றை விரலால் சுவரைத் தொட்டாள். விரல் ஒட்டிக்கொண்டு, மனமில்லாமல் பிரிந்து வந்தது. நுனியில் பச்சை.

அவள் அடித்தது வெண்ணெய் நிறம். சுவர் முழுக்க வெண்ணெய் நிறமாகத்தான் இருந்தது, விரல் பட்ட இடம் உட்பட. சன்னல் பக்கம் போய் விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கரும்பச்சை, அதுவும் ஈரமாக, இப்போதுதான் டப்பாவைத் திறந்து தொட்டது மாதிரி. வெளியே விடாத மழை. கொடியில் துணி காயவில்லை, குளியலறைத் தரை காயவில்லை, சுவர் மட்டும் எப்படிக் காயும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விரலைப் பழந்துணியில் துடைத்தாள். துடைத்த துணியை முகர்ந்தபோது டர்பன்டைன் நெடிக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. நோயாளி படுத்துக்கிடந்த தலையணையின் வாடை.

"என்ன, காஞ்சிடுச்சா?" என்று கூடத்திலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள்.

"காஞ்சிடும் அத்தை."

"காயாது. கொழகொழன்னு அடிச்சிருப்பே. அவ அடிச்சா ராத்திரிக்குள்ள சுவர்ல முகம் பார்க்கலாம்."

அந்த வீட்டில் எல்லாமே பச்சை. வாசல் கதவு, சன்னல் கம்பி, சமையலறை அலமாரி, நாற்காலிக் கால்கள், எல்லாம் மூத்தவள் அடித்தது. மூத்தவள் என்றால் கணவனின் முதல் மனைவி. ஆள் வைத்துச் செய்வது அவளுக்குப் பிடிக்காதாம். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதிலிருந்து பட்டி பார்ப்பது வரை வீடு பூராவும் தன் கையால், அதுவும் இடது கையால், தானே செய்தாளாம். இரண்டாந்தாரமாக வந்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டு இவளுக்குக் காது புளித்துவிட்டது. செத்துப்போன மாடு குடம் குடமாய்ப் பால் கறக்கும் என்பார்கள். இந்த வீட்டு மாடு பெயின்டும் அடித்தது.

பூச்சு என்று அங்கே யாரும் சொல்வதில்லை, கை என்பார்கள். ஒரு கை, இரண்டு கை. படுக்கையறையில் கட்டிலுக்கு எதிரே இருக்கும் இந்தச் சுவருக்கு ஒரு கை அடித்ததோடு மூத்தவள் காய்ச்சலில் விழுந்தாள். கட்டிலில் கிடந்தபடி சுவரையே பார்த்துக்கொண்டு, "இன்னொரு கை பாக்கி இருக்கு, இன்னொரு கை பாக்கி இருக்கு" என்று புலம்பிப் புலம்பியே போய்ச் சேர்ந்தாள். மாமியார் இதைக் கண் கலங்காமல் சொன்னதில்லை. கணவன் சொன்னதே இல்லை. அதே கட்டிலில், அதே சுவரைப் பார்த்தபடி, மூன்று வருடமாக இளையவள் படுத்து எழுந்துகொண்டிருந்தாள்.

அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கண் விழித்ததும் இது என்னுடையது என்று பார்க்க ஒரு சுவர். கணவன் கெட்டவன் அல்ல. குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, அவளை ஏறிட்டுப் பார்ப்பதும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. "இந்தா" என்பான். "இந்தா, என் சட்டை எங்கே?" தூக்கத்தில் மட்டும் சில சமயம் "பட்டு" என்பான், குழைந்துபோன குரலில். அது மூத்தவளின் செல்லப்பெயர். பக்கத்தில் படுத்திருப்பவளுக்கு அதைக் கேட்டால் எப்படியிருக்கும் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். வயிறு எரியும். நன்றாகவே எரியும்.

அறைக்கு நிறம் மாற்றலாமா என்று கேட்டபோது ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல் "உன் இஷ்டம்" என்றான். அதையே வரமாக எடுத்துக்கொண்டு மறுநாளே பெயின்ட்காரரைக் கூட்டி வந்தாள்.

வந்தவர் வாய்ச்சொல்லில் வீரர். "ரூமை மாளிகை ஆக்கிக் காட்டறேன் பாருங்க" என்று சொல்லி, பச்சையைச் சுரண்டி, பட்டி பார்த்து, வெள்ளை பிரைமர் ஒரு கை அடித்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து சுவரின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பிரஷ்களை மூட்டை கட்டத் தொடங்கினார்.

"வேற இடத்துல அவசர வேலைம்மா."

"பாதியில விட்டுட்டுப் போனா எப்படி?"

"அடியில இருக்கறது மேல வருதும்மா. பேசாம பச்சையே அடிச்சிடுங்க. அதான் நல்லது."

கூலிகூடக் கேட்கவில்லை. கூலி கேட்காத பெயின்ட்காரரைப் பார்த்து அவள் அப்போதே பயந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான்.

தானே அடித்துவிடுவது என்று அந்த அறைப் பரணில் ஏறி ஒரு பிரஷ் தேடினாள். ஒரு அட்டைப்பெட்டிக்குள் மூத்தவளின் சாமான்கள் அப்படியே இருந்தன. பாதி பச்சை பெயின்ட் மிச்சமிருந்த டப்பா, பச்சைத் துளிகள் காய்ந்து விறைத்த கணவனின் பழைய சட்டை, ஒரு அகலமான பிரஷ். பிரஷ்ஷின் மயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு இறங்கும்போது மாமியார் கீழே நின்றிருந்தாள்.

"அது அவ கைக்குப் பழகின பிரஷ். உனக்கு வராது."

வராது என்று சொல்லாமல் இருந்திருந்தால் கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கியிருப்பாள். வீம்புக்கு அதையே டர்பன்டைனில் ஊறப்போட்டாள். வீம்புக்கு அந்தச் சட்டையையும் மாட்டிக்கொண்டாள். நேற்று முழுக்க அடித்தாள். முதல் கை முடிந்தது.

ஆக, பச்சை எங்கிருந்து வந்தது? பிரஷ்ஷின் வேரில் இறுகிக் கிடந்த பழைய பெயின்டிலிருந்து வந்திருக்கும். சரியாகக் கழுவவில்லை, அவ்வளவுதான். இந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டாவது கைக்குத் தயாரானாள்.

சன்னலிலிருந்து மழை வெளிச்சம் சுவரின் மேல் பக்கவாட்டில் விழுந்தது. அந்த வெளிச்சத்தில் பிரஷ்ஷின் தடங்கள் தெரிந்தன. நேற்று அவள் மேலிருந்து கீழாக, நேராகத்தான் இழுத்தாள். தோள்பட்டை இன்னும் வலிக்கிறதே, மறக்குமா? ஆனால் சுவரில் இருந்த ஒவ்வொரு தடமும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. வலது கையைத் தூக்கிக் காற்றில் இழுத்துப் பார்த்தாள். அந்தச் சாய்வு வரவில்லை. இடது கையைத் தூக்கினாள். வந்தது.

தேய்ந்த பிரஷ் அப்படித்தான் இழுக்கும் என்று சொல்லிக்கொண்டாள். இந்த முறை பதில் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

பிரஷ்ஷை வெண்ணெய் நிறத்தில் தோய்த்து அடிக்க ஆரம்பித்தாள். சரக், சரக். கூடத்தில் மாமியாரின் குறட்டை ஏறி இறங்கியது, மழை சன்னல் தகரத்தில் ஒரே சீராகக் கொட்டியது, பெயின்ட் நெடி தொண்டையில் இனிப்பாகவும் கசப்பாகவும் படிந்து தலையை லேசாகக் கிறுகிறுக்க வைத்தது, அதற்கிடையே சரக், சரக் என்று பிரஷ் போய் வந்தது, கொஞ்ச நேரத்தில் அவளுக்கே அது பிடித்துப் போய்விட்டது. நாளைக்கு இந்தச் சுவர் காய்ந்திருக்கும். கட்டிலை நகர்த்திப் போடலாம். அவன் வந்து நின்று, நல்லாயிருக்கே என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, பார்த்தால் போதும்.

பிரஷ்ஷைத் தோய்க்கக் குனிந்தாள்.

சரக்.

குனிந்தபடியே இருந்தாள். பிரஷ் டப்பாவுக்குள் இருந்தது. பெயின்டுக்குள் அசையாமல் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அறை கிடையாது, வெட்டவெளியும் மழையும்தான். கூடத்துக் குறட்டை எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"அத்தை?"

 நிமிர்ந்தாள். நெஞ்சளவு உயரத்தில், இப்போதுதான் அடித்த இடத்தில், பச்சையாக ஒரு கை தெரிந்தது.

நிழல் மாதிரி மங்கலாக இருந்தது. பார்க்கப் பார்க்கத் தெளிவானது. ஐந்து விரல், உள்ளங்கை. மேலே பட்ட அழுக்கு இல்லை அது, பெயின்டுக்கு அடியிலிருந்து ஊறி வந்தது. பயத்தில் சிரிப்பு வந்தது அவளுக்கு. தன் கைதான். பெருவிரல் இடது பக்கம் நீட்டியிருக்கிறதே, அப்படியானால் வலது கை. பெயின்ட்காரர் பச்சையைச் சுரண்டிய அன்று இங்கே எங்கேயோ ஊன்றியிருப்பாள், பூசி மெழுகியும் மறையவில்லை. மூத்தவள் இடதுகைக்காரி. இது அவளாக இருக்க முடியாது.

சரிபார்த்துக்கொள்ள வலது கையை அதன் மேல் வைத்தாள்.

விரலுக்கு விரல் பொருந்தியது. அப்போதுதான் உறைத்தது. எதிரே ஒருத்தி நின்று இடது கையை நீட்டினாலும் இப்படித்தான் பொருந்தும்.

சுவர் சூடாக இருந்தது. காய்ச்சல்காரியின் சூடு. கையை இழுத்தாள். வரவில்லை. விரல்களுக்கிடையே ஏதோ நுழைந்தது. கோத்துக்கொண்டது. இறுகியது. கத்த வாயைத் திறந்தாள். வாய்க்குள் பெயின்ட் நெடி. இனிப்பு. கசப்பு. மணிக்கட்டு. முழங்கை. தோள். குளிர். பிறகு மழைச் சத்தம் நின்றது.

நின்றது மழை இல்லை. காதுதான் அடைத்துவிட்டது. மழை சன்னலில் வழிவது தெரிந்தது. கட்டில் தெரிந்தது. பெயின்ட் டப்பா தெரிந்தது. இதுவரை முதுகுப் பக்கம் இருந்த அறை முழுவதும் இப்போது அவளுக்கு எதிரே இருந்தது. அறையின் நடுவில், பழைய சட்டையில், ஒரு பெண் நின்று தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய முகம். அவளுடைய கூந்தல். காலையில் கத்தி பட்டு அவளே சுற்றிக்கொண்ட துணி அந்தக் கட்டை விரலில் இருந்தது.

அந்தப் பெண் பிரஷ்ஷை எடுத்தாள். வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். வெண்ணெய் நிற டப்பாவைக் காலால் தள்ளிவிட்டு, பரணிலிருந்து பச்சையை இறக்கினாள். பாலாடையை எடுப்பது போல் மேலே படிந்த ஏட்டை விரலால் வழித்துப் போட்டாள். சுவரின் மேல் மூலையிலிருந்து அடிக்கத் தொடங்கினாள். அவசரமே இல்லை.

சுவருக்குள்ளிருந்து அவள் அலறினாள். தன் பெயரைச் சொல்லி அலறினாள். நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்ல அதைவிட நல்ல வார்த்தை அவளிடம் இல்லை. அந்த வீட்டில் யாருடைய நாக்கும் பழகாத பெயர்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் மாமியார் எழுந்து வந்து கதவோரம் நின்றாள். இடது கையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் மருமகளிடம் காட்டாத புன்னகை ஒன்று அவள் முகத்தில் மெல்ல விரிந்தது. அடைத்த காதையும் தாண்டி அவள் குரல் கேட்டது.

"இப்பத்தான் கை வந்திருக்கு."

கொஞ்ச நேரம் கழித்துக் கணவன் வந்தான். குடையை மடக்கியபடி, "இந்தா, துண்டு..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். பச்சைச் சுவரையும் அந்தப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஏறிட்டுப் பார்த்தான், கண்ணுக்குள். இவள் மூன்று வருடம் காத்திருந்த பார்வை அது. சுவருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பட்டு?" என்றான்.

அவன் பயப்படுவான் என்றுதான் அவள் நம்பியிருந்தாள். பயந்தால் கேட்பான், கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் தேடுவான். அவன் பயப்படவில்லை. அருகில் வந்து, அவளுடைய கன்னத்தில் தெறித்திருந்த பச்சையைக் கட்டை விரலால் மெதுவாகத் துடைத்தான். அந்தக் கன்னம் அவன் தோள் பக்கமாகச் சாய்ந்தது.

சுவருக்குள் இருந்தவள் வலது கையை ஓங்கிப் பெயின்டின் அடியில் அழுத்தினாள். உயிரையே அதில் வைத்து அழுத்தினாள். பச்சையின் மேல், நெஞ்சளவு உயரத்தில், வெண்ணெய் நிறத்தில் ஐந்து விரல் மெல்லத் தெரிந்தது.

அவன் அதைப் பார்த்தான். குனிந்து உற்றுப் பார்த்தான். அவன் மூச்சின் சூடு அவள் உள்ளங்கையில் பட்டது.

"இங்க மட்டும் அடியில இருக்கற கலர் தெரியுது பாரு. யாரோ கை வெச்ச மாதிரி."

"அது ஒண்ணுமில்லை" என்றது அவளுடைய வாய், அவளுடையதல்லாத நிதானத்தோடு. "இன்னொரு கை அடிச்சா மறைஞ்சிடும்."

அவன் தலையாட்டிவிட்டு நகர்ந்து வழி விட்டான். பிரஷ் டப்பாவுக்குள் இறங்கி, விளிம்பில் வழித்து, எழுந்து வந்தது. இடது கை. ஈரப் பச்சை முதலில் விரல்களின் மேல் விழுந்தது. பிறகு மணிக்கட்டு. பிறகு, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல், கண்கள்.